நடு ஏரியோட நின்னுட்டா

பஸ்ஸு மேல கட்டியிருக்குற சைக்கிள் என்னோடதுதானுங்க. வளைவுக்கு வளைவு அது கடகடன்னு சத்தம் போடறப்ப நீங்க அண்ணாந்து அண்ணாந்து பாத்தீங்க, நானும் கவனிச்சுட்டுத்தான் வந்தேன். விழாதுங்க. இப்பத்தான் வண்டியே நின்னு போச்சே, இனி சத்தமும் வராது. முன்னால யானை நிக்குதுன்னு கண்டக்டர் சொல்றாரு. இந்தக் கெத்தை ரோட்டுல இது எப்பவும் உள்ளதுதான். குட்டியும் கூட இருந்தா செத்த நேரம் ஆகும். டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணிப்போட்டாருன்னா அவருக்கே அவசரமில்லைன்னு அர்த்தம்.

நீங்க எங்கீங்க, கோயமுத்தூருங்களா? காரமடையா. சரி சரி. நமக்கு வடவள்ளி பக்கம். பேரு தெய்வசிகாமணிங்க.

அது சாதாரண சைக்கிள் இல்லீங்க. கிராவல் சைக்கிள்னு சொல்லுவாங்க. ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்சிருக்கும், ஆனா டயர் தடியா இருக்கும். ஜல்லி ரோடு, மண் ரோடு, எஸ்டேட் ரோடு, எதுலயும் போகும். தார் ரோட்டுல ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டமே இல்லீங்க. ஜல்லியில ஓட்டணும். டயருக்கு அடியில கல்லு நொறநொறன்னு அரையுற சத்தம் இருக்குது பாருங்க, அது ஒண்ணுதான் கேக்கும். ஆளு இருக்காது, வண்டி இருக்காது. அணைக்கட்டுக்குன்னு அந்தக் காலத்துல போட்ட ரோடு எல்லாம் இந்த மலையில அப்படித்தான் கெடக்குது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் தண்ணி. ஏறுவீங்க, எறங்குவீங்க, திரும்பினா இன்னொரு ஏரி நிக்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் ரிட்டயர் ஆனதுக்கு அப்பறம் புடிச்சதுதானுங்க. அதுக்கு முன்னால பம்ப்செட் கம்பெனியில சேல்ஸ்ல இருந்தேன். தஞ்சாவூரு, மதுரை, திருநெல்வேலின்னு நான் சுத்தாத ஊரில்ல. வீட்டுக்கு வந்தா துணியை மாத்திட்டு மறுபடி பஸ்ஸு. அப்படியே காலம் போயிருச்சு. ஒரு நாள் மாலை போட்டு, கைக்கடிகாரம் குடுத்து அனுப்பிட்டாங்க. வீட்டுல வந்து உக்காந்தா இருப்புக் கொள்ளலீங்க. என்ன பண்றதுன்னே தெரியல. எங்க வீதியில ஒரு பல் டாக்டர் இருக்காரு, அவருதான் சொன்னாரு, சார் நீங்க சைக்கிள் ஓட்டுங்கன்னு. ஓட்ட ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமைன்னா நேரமே எந்திரிச்சு காருக்குப் பின்னால சைக்கிளை மாட்டிட்டு மலைக்கு வந்துருவேன். பொழுதோடதான் திரும்பறது.

என் சம்சாரம் பேரு வசந்தாமணி. நல்ல பொம்பளைங்க. எதுக்கும் ஒண்ணும் சொல்ற ஆளில்ல. வீட்டுக்குப் பின்னால, பொடக்காளியில, நாலு செடி வெச்சிருந்தா. செம்பருத்தி, பவழமல்லி, அப்பறம் என்னென்னமோ தொட்டி. சைக்கிள் வாங்கினதும் நிறுத்த எடம் வேணுமில்லீங்களா? அந்த எடத்தைச் சிமெண்டு போட்டு, மேல ஷீட்டு போட்டு, ஷெட்டு மாதிரி பண்ணிட்டேன். மழையில நனைஞ்சா செயின் துருப் புடிச்சுக்கும். அதுக்கும் அவ ஒண்ணும் சொல்லல. தொட்டியெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டா. அந்த வகையில நான் குடுத்து வெச்சவன்தானுங்க. பல் டாக்டர் வீட்டுல அவரு சைக்கிளை எடுத்தாலே சண்டை நடக்கும்.

கேளுங்க. போன கார்த்திகையில ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப அவளே சொல்றா, "நானும் வர்றேனுங்க, மலைக்கு" அப்படின்னு. எனக்கு மொதல்ல புரியல. கார்ல வந்து உக்காந்திருப்பாளாட்டம் இருக்குதுன்னு நெனைச்சேன். "இல்ல, ஓட்டத்தான்" அப்படிங்கறா. உனக்கு ஓட்டத் தெரியுமான்னு கேட்டேன். பள்ளிக்கூடம் போனது பூரா சைக்கிள்லதானாம். தோட்டத்துக்குள்ள இருந்து ரோட்டுக்கு, ரோட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு, பின்னால தங்கச்சியையும் உக்கார வெச்சுட்டு. இத்தனை வருசத்துல எங்கிட்ட அவ சொன்னதேயில்லீங்க. எப்படி இருக்குது பாருங்க, மனசுல ஒண்ணை வெச்சுட்டு வெளிய சொல்லாத ஆளுகளை நாம என்ன பண்றது?

சந்தோசப்பட்டேனுங்க. நெசமாலுமே. மறுநாளே போயி அவ உயரத்துக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். பச்சைக் கலரு. கலரு அவதான் சொன்னா. காலேஜ் கிரவுண்டுல ஓட்டிப் பழகினா. சுடிதார் போட்டு ஹெல்மெட்டு மாட்டிட்டு, மொத நாள் வெக்கப்பட்டா, அப்பறம் அந்த கிரவுண்டை அவ சுத்துனதை நீங்க பாக்கோணும். அங்க நடக்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க. சரி, இனி சைக்கிள் குரூப்புல ஆரும் வரலைன்னாலும் தனியா போகவேண்டியதில்லை, பேச்சுத் துணைக்கு ஆளாச்சுன்னு எனக்கு ஒரு தெம்பு. தையில கூட்டிட்டுப் போனேன்.

வழி எப்படின்னா, மஞ்சூர் தாண்டி உள்ள போனா மூணு ஏரி ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்குது. கீழ் ஏரி, நடு ஏரி, மேல் ஏரின்னு சொல்லுவாங்க. காரைக் கீழ் ஏரிக்கிட்ட நிறுத்திட்டு, மூணையும் சுத்திட்டு திரும்பி வந்தா ஒரு முழு ரவுண்டு. எனக்கு அது பழக்கம். அவளுக்குப் புதுசு. மேடு ஒவ்வொண்ணும் நெஞ்சைப் பிச்சுரும். அதனால நான் என்ன பண்ணினேன்னா, முன்னால ஏறிப் போயி ஒவ்வொரு மேட்டு மேலயும் நின்னேனுங்க. அவ வர்ற வரைக்கும் காத்திருந்தேன். எத்தனை பேரு அப்படிக் காத்திருப்பாங்க, நீங்களே சொல்லுங்க. பல் டாக்டரெல்லாம் பின்னால வர்றவன் செத்தானா இருக்கானான்னு பாக்கமாட்டாரு. நான் நின்னேன். தண்ணி குடிச்சுட்டு, ஒரு கடலைமிட்டாயி கடிச்சுட்டு, மரத்தடியில உக்காந்து காலை நீட்டிக்கிட்டு இருப்பேன். கீழ வளைவுல அவ ஹெல்மெட்டு தெரியும். தெரிஞ்சதும் நான் எந்திரிச்சு கையுறையை மாட்டிக்குவேன். அவ வந்து சேர்ந்ததும், வா வா, இனி எறக்கம்தான்னு சொல்லிட்டுக் கெளம்பிருவேன்.

அவ எறங்கித் தள்ளிட்டு வரலீங்க, அதையும் சொல்லிப்போடறேன். மெதுவா வந்தாலும் ஏறித்தான் வந்தா.

நடு ஏரிக்கு மேல ஒரு மேடு. அதுல ஏறினா கெரெஹட்டின்னு ஒரு சின்ன ஊரு, கொஞ்சம் வீடுக, அதைத் தாண்டி ஒரு நாத்துப்பண்ணை. நான் அங்க ஒரு சீகை மரத்தடியில நின்னுட்டிருந்தேன். வந்தா. மூஞ்சியெல்லாம் செவந்து போயி, மூச்சு வாங்குது. நான் ஹெல்மெட்டை மாட்டிட்டு, போலாமான்னு ஒரு காலைத் தூக்கிப் போட்டேன். அவ ஒரு காலைத் தரையில ஊனிட்டு அப்படியே நிக்கறா. ஹேண்டில்பாரை விட்டுக் கையை எடுக்கல.

"நான் வந்து சேர்றப்ப எல்லாம் நீங்க கெளம்பிடறீங்க" அப்படின்னா.

அது நெசந்தானுங்க. ஒடம்பு சூடு ஆறக்கூடாது பாருங்க. ஆறிப்போச்சுன்னா தொடையெல்லாம் புடிச்சுக்கும், அப்பறம் ஏறவே முடியாது. அதை அவளுக்கு வெளக்கமாச் சொன்னேன். கேட்டுக்கிட்டா. கேட்டுட்டு, "நான் வரலீங்க. நீங்க போங்க" அப்படின்னா.

சத்தம் போடல. அழுகல. உப்பு எடுத்துக் குடுன்னு சொல்ற மாதிரி சொன்னா. அடுத்த மேட்டுக்குத்தான் வரலங்கறான்னு நான் நெனைச்சேன். களைச்சுப் போயிட்டா, பாவம்னு. சரி, இங்கயே உக்காந்துக்க, நான் மேல் ஏரியைச் சுத்திட்டு இப்படியே வர்றேன்னு சொல்லிட்டுக் கெளம்பினேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? பாதியில நிறுத்தினா, ஓட்டுன தூரத்தைக் கணக்கு வெக்கிற போனு ஆப்புல ரவுண்டு சேராதுங்க. அங்க வரைக்கும் போனது வீணாப் போயிரும். அவளும் போங்கன்னுதான சொன்னா.

மேல் ஏரியில அன்னிக்கு ஒண்ணுமே தெரியல. அப்படி ஒரு மூடுபனி. தண்ணி எங்க இருக்குது, கரை எங்க இருக்குதுன்னே தெரியல. வந்ததுக்கு ஒரு போட்டோ எடுத்தேன். வெறும் வெள்ளை. இன்னும் போனுல இருக்குது. அழிக்கலாம்னு எடுப்பேன், அழிக்கறதில்ல.

திரும்பி வர்றப்ப பொழுது சாய்ஞ்சுருச்சு. மரத்தடியில அவளைக் காணோம். சைக்கிள் மட்டும் சாய்ச்சு வெச்சிருக்குது. காட்டெருமை நடமாடுற எடம் அது. வசந்தா வசந்தான்னு கூப்பிட்டுட்டே ஓடினேன். பாத்தா, அந்த நாத்துப்பண்ணையில பொம்பளைக கூட உக்காந்துட்டு பிளாஸ்டிக் பையில மண்ணு ரொப்பிட்டிருக்கா. கையெல்லாம் செம்மண்ணு. என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டிருந்தாங்க எல்லாரும். என்னைப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு.

அங்க புஷ்பராணின்னு ஒரு அம்மா, அவங்கதான் அந்தப் பண்ணையைப் பாத்துக்கறாங்க. அவங்க அப்பா அம்மா சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்களாம். "வாங்க, தேத்தண்ணி குடிங்க" அப்படின்னு பெஞ்சுல உக்கார வெச்சாங்க. டீயைத்தான் அப்படிச் சொல்றாங்க. அந்தப் பண்ணையில என்ன வேலைன்னா, இந்த மலையில முன்னால இருந்த மரங்களோட கன்னு வளத்தி, வெள்ளைக்காரன் கொண்டு வந்த சீகை மரம் புடிச்சுக் கெடக்குற எடத்துல கொண்டு போயி நடறது. பொம்பளைகளே பண்றாங்க.

நான் தேத்தண்ணியைக் குடிச்சுட்டு, கெளம்பலாமான்னு கேட்டேன். அவ கையைக் கழுவிட்டு வந்தா. "நான் ஒரு வாரம் இங்க இருந்துட்டு வர்றேனுங்க. அக்கா வீட்டுல எடம் இருக்குது" அப்படிங்கறா. எதுக்குன்னு கேட்டேன். இருக்கணும்போல இருக்குதுன்னா. மாத்துத் துணிக்கு என்ன பண்ணுவேன்னேன். அக்கா குடுப்பாங்கன்னா. பாத்து ஒரு மத்தியானந்தான் ஆகுது, அதுக்குள்ள அக்கா. அத்தனை பேரு முன்னால நான் என்னங்க சொல்லட்டும்? சரின்னு சொல்லிட்டு வந்தேன். காருக்குப் பின்னால ரெண்டு சைக்கிள் மாட்டுற கம்பி. ஒண்ணுதான் மாட்டியிருந்துச்சு. மலை எறங்குற வரைக்கும் அந்தக் காலிக் கம்பி தடதடன்னு ஆடிட்டே வந்துச்சுங்க.

அடுத்த வாரம் துணிமணியைப் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். திரும்பறப்ப போட்டுக்கறதுக்குன்னுதான் எடுத்துட்டுப் போனது. அவ பையை வாங்கி உள்ள வெச்சுட்டு, வீட்டுல ஒரு சின்னக் களைக்கொத்து இருக்கும், அடுத்த தடவை வந்தா எடுத்துட்டு வாங்கன்னா. ஒரு வாரம் இருக்கறவளுக்கு எதுக்கு களைக்கொத்துன்னு எனக்கே ஒரு ரோசனை வந்துச்சு. கேக்கல. வீட்டுக்கு வந்து தேடினா, அது எங்க இருக்குதுன்னு தெரியல. என் வீடுதானுங்க அது, நான் கட்டினது. ஒரு நாள் பூராத் தேடி, ஷெட்டு செவுத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவால கெடந்ததைக் கண்டுபுடிச்சேன். கழுவித் தொடைச்சு, பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போயி குடுத்தேன். அன்னிக்கு அவ மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. அதை நெனைச்சுட்டே அந்த வாரம் ஓடுச்சு.

அப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. தை போச்சு, மாசி போச்சு. வீதியில கேக்கறாங்க, அம்மாவைக் காணோமேன்னு. மூச்சுத் தொந்தரவு, மலைக்காத்து நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொல்லி வெச்சேன். பல் டாக்டர்தான் விடாமக் கேட்டாரு, எந்த டாக்டர் சொன்னாருன்னு. அதுக்கப்பறம் அந்தக் குரூப்பு கூட ஓட்டப் போறதை நிறுத்திட்டேன். தனியாவே போயிக்கறது.

எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. சுபாஷினி. பெங்களூர்ல இருக்கா, மாப்பிள்ளைக்கும் அங்கதான் வேலை. அவகிட்டப் பேசி, அம்மாகிட்ட நீ சொல்லும்மான்னேன். அவ அம்மா பக்கமாத்தான் பேசறா. பொட்டைப் புள்ளைக அப்படித்தான். கடைசியா சொன்னா, "நீங்க அம்மாவை எதையாச்சும் கேளுங்கப்பா." என்னத்தைக் கேக்கறதுன்னேன். "எதையாச்சும். சும்மா ஏதாச்சும் கேளுங்க" அப்படின்னு போனை வெச்சுட்டா. சரின்னு நானும் போறப்ப எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கேன். எப்ப வர்ற, எப்ப வர்றன்னு. அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கட்டும்?

வண்டி கெளம்பிருச்சு. யானை எறங்கிருச்சாட்டம் இருக்குது. அதோ பாருங்க, அந்த மூங்கிலுக்குப் பின்னால. குட்டி தெரியலையா? தாய்க்கு அடியில நிக்குது பாருங்க. போச்சு, மறைஞ்சுருச்சு.

நீங்க வீட்டுல தனியா இருந்திருக்கீங்களா? ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. நான் லாட்ஜு லாட்ஜா தங்கினவனுங்க. தனியா இருக்கறது எனக்குப் புதுசில்ல. ஆனா லாட்ஜுல தனியா இருக்கறது வேற. வீட்டுல குக்கர் சத்தம் கேக்காது. பக்கத்து வீட்டுல விசில் அடிச்சா நான் எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போயிருக்கேன், ரெண்டு மூணு தடவை. ஒரு நாள் டிவி பாத்துட்டிருக்கறப்ப திடீருன்னு ஒரு ரோசனை. நான் எப்பவும் இந்த சேர்ல உக்காருவேன். அவ எங்க உக்காருவா? சோபாவுலயா, கீழயா, அடுப்பங்கரை வாசப்படியிலயா? ரோசிச்சு ரோசிச்சுப் பாக்கறேன், எனக்கு நெனைவே வரலீங்க. அன்னிக்கு டிவியை அணைச்சுட்டு சும்மாவே உக்காந்திருந்தேன்.

காரை எடுக்கறதையும் விட்டுட்டேன். தனியா அத்தனை தூரம் கார் ஓட்டிட்டு வர்றது ஒரு மாதிரி இருக்குது. பஸ்ஸுன்னா உங்களை மாதிரி ஆராச்சும் பக்கத்துல உக்காருவீங்க.

சித்திரையில ஒரு முடிவுக்கு வந்தேன். அவளுக்கு வீட்டுல என்ன குறைன்னு உக்காந்து ரோசிச்சேன். அடுப்பங்கரைதான். பழைய காலத்து மேடை, இருட்டா வேற இருக்கும். ஆளுகளை விட்டு அத்தனையும் இடிச்சு, புதுசா மாடுலர் கிச்சன் போட்டுட்டேன். இழுத்தா தட்டு வரும், தள்ளினா உள்ள போகும், சத்தமே வராது. புகை இழுக்கற மெஷின், பாத்திரம் வடியறதுக்குத் தனியா கம்பி. இத்தனை வருசம் அங்கதான நின்னா, இனியாச்சும் நல்லபடியா நிக்கட்டும்னு. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நேர்ல காட்டணும்னு வெச்சிருந்தேன். அதுக்குத்தானுங்க இன்னிக்குப் போனது. கூட்டிட்டே வந்துரலாம்னுதான் போனேன்.

மஞ்சூர்ல எறங்கி, சைக்கிளை எறக்கி, கெரெஹட்டி வரைக்கும் ஓட்டினேன். நான் போறப்ப அவ கன்னுகளுக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தா. இளைச்சிருக்கா, கறுத்திருக்கா, ஆனா ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கா. தலைமுடியைக் கூடக் குட்டையா வெட்டிட்டா. பெஞ்சுல உக்காந்து போட்டோவைக் காட்டினேன். ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்தா. அவசரப்படாமப் பாத்தா, அதையும் சொல்லணும்.

"நல்லா இருக்குதுங்க. வெளிச்சமா இருக்குது. நீங்க சமைச்சுப் பழகிக்குங்க" அப்படின்னு போனைத் திருப்பிக் குடுத்தா.

புஷ்பராணியம்மா தேத்தண்ணி கொண்டு வந்தாங்க. குடிச்சேன். எனக்கு மனசு சரியில்லைன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சாட்டம் இருக்குது. ஒரு துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுட்டு, வாங்க, நடு ஏரியைச் சுத்திட்டு வரலாம்னு அவளே கூப்பிட்டா. பச்சை சைக்கிளை எடுத்தா. சேறும் மண்ணுமா இருக்குது. பின்னால ஒரு கூடை கட்டி வெச்சிருக்கா. அந்த சைக்கிளுக்குக் கூடை கட்டக்கூடாதுங்க, பேலன்ஸ் போயிரும். சொன்னேன். சிரிச்சா.

ஊருக்குள்ள போற பாதை அவளுக்குத்தான் தெரியும், அதனால அவ முன்னால போனா. போறதும் நிக்கறதும்தான். ஒரு வீட்டு முன்னால நின்னு ஒரு பாட்டிக்கு நோவு எப்படி இருக்குதுன்னு விசாரிக்கறா. கேரட்டு தோட்டத்துல ஒருத்தன் ஒரு கை கேரட்டைப் புடுங்கிக் கூடையில போடறான். எல்லாருக்கும் அவளைத் தெரியுது. வசந்தாக்கா வசந்தாக்கான்னு ஊரே கூப்பிடுது. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நம்ம சம்சாரத்துக்கு இப்படி ஒரு மரியாதைன்னு. தண்ணிக்கரை ஓரமா ஒரு மாடு மேய்க்கற பெரியவரு. அவருக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றதைப் பாத்து ஒரே யோசனை. ஆரு இதுன்னு அவகிட்டக் கேட்டாரு.

"கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்காருங்க" அப்படின்னா.

தப்பில்லைங்க. நான் கோயமுத்தூர்ல இருந்துதான வந்தேன். அந்தப் பெரியவருக்குக் காதும் சரியாக் கேக்காது போல. நீட்டி மொழக்கிச் சொல்லிட்டிருக்க முடியுமா? சுருக்கமாச் சொல்லிட்டா. அவரும் சரி சரின்னு தலையாட்டிட்டு மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டாரு. நானும் வணக்கம் போட்டேன்.

செத்த தண்ணி குடுங்களேன். இல்ல, என் பாட்டில்லதான் இருக்குது. இருக்கட்டும், நானே எடுத்துக்கறேன்.

அதுக்கப்பறம் ஒரு சரிவுல கூட்டிட்டுப் போனா. அங்க அவங்க நட்ட கன்னுக இருக்குது. இடுப்பு உசரம் கூட இல்ல. இதுல எது நீ நட்டதுன்னு சும்மா கேட்டேனுங்க. அப்படியே உக்காந்துட்டா. ஒண்ணொண்ணாக் காட்டறா. இது மெதுவாத்தான் வளருமாம், இதோட தளிர் செவப்பா வருமாம், இது பூத்தா தேனீ வருமாம், இது இருந்தாத்தான் ஓடையில தண்ணி நிக்குமாம். பேரெல்லாம் சொன்னா. வெயில் தண்ணி மேல பட்டு அவ மூஞ்சியில ஆடுது. அவ இத்தனை பேசி நான் கேட்டதேயில்லீங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இல்ல. ஒரு பேரு கூட எனக்கு இப்ப நெனைவில்ல. அவ மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு ஒரு பக்கம் மனசு அடிச்சுட்டும் இருந்துச்சு. அவ மூச்சு விட நிறுத்தினப்ப, சரி, எப்ப வர்றன்னு கேட்டேன்.

அவ கையில ஒட்டின மண்ணைத் தட்டிட்டு எந்திரிச்சா.

மஞ்சூர் வரைக்கும் கூடவே ஓட்டிட்டு வந்தா, பாத்துக்குங்க. வரவேண்டியதே இல்ல. கண்டக்டர் சைக்கிளை ஏத்தமாட்டேன்னாரு, அவதான் பேசி ஏத்த வெச்சா. கூடையில இருந்த கேரட்டை என் பையில போட்டா. நான் ஜன்னல்ல உக்காந்ததும் கீழ நின்னு சொன்னா, "மழை ஆரம்பிச்சா இந்தப் பக்கம் வராதீங்க. ரோடு நல்லா இருக்காது. எப்ப வர்றதுன்னு நானே சொல்றேன்."

கேட்டீங்களா? நானே சொல்றேன்னா. இத்தனை நாளா நான்தான் கேட்டுட்டிருந்தேன், எப்ப எப்பன்னு. அவ வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னது இதுதான் மொதல் தடவை. ரோடு வழுக்கும், விழுந்துருவேன்னு பயம் இருக்குது பாருங்க அவளுக்கு. இருக்காதுங்களா பின்ன? மழைன்னா இந்த ஆனியில புடிக்கும். ஆடி, ஆவணி பூராவும் அங்க கொட்டும். புரட்டாசியில கொஞ்சம் விடும். மறுபடி ஐப்பசி, கார்த்திகை. மார்கழியில பனி. அதெல்லாம் ஓடிரும்ங்க.

வெள்ளியங்காடு வந்துருச்சா? அதான் போனு துடிக்குது. மேல கெரெஹட்டியில டவரே கெடையாது, அவ போனு பேசணும்னா மஞ்சூருக்கு வரோணும். இங்க வந்தாத்தான் எல்லாம் மொத்தமா வந்து விழும். இருங்க, கண்ணாடியை மாட்டிக்கறேன். இது சைக்கிள் குரூப்பு. இது பேங்கு. இது அடுப்பங்கரை போட்டுக் குடுத்த பையன், போட்டோ அனுப்பச் சொல்றான், விளம்பரத்துக்குப் போடணுமாம்.

அவ கூப்பிடமாட்டாளுங்க இன்னிக்கு. இப்பத்தான பாத்துட்டு வந்தேன்.

அடுத்தது காரமடைதானுங்க. நீங்க உங்க பையை எடுத்துக்குங்க. கேரட்டு கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? அட, எடுங்க, நான் ஒருத்தன் இத்தனையை என்ன பண்றது.